சீர்காழி இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன் (ஆகஸ்ட் 1892 - செப்டம்பர் 27, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதப் பேராசிரியரும் நூலகவியல் அறிஞரும் ஆவார். இந்தியாவில் நூலகவியலின் தந்தை என்று போற்றப்படுகிறார். நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தவர். கோலன் பகுப்புமுறையை உருவாக்கியவர். அறிவுத்துறைகள் அனைத்தையும் ஒரே நீண்ட பட்டியலில் முன்கூட்டியே எழுதிவைக்க இயலாது என்பதையும், சிறிய பட்டியல்கள் சிலவற்றைச் சேர்த்தே எந்தப் பொருளையும் குறித்துவிட இயலும் என்பதையும் செயல்முறையில் காட்டியது இவருடைய முதன்மையான பங்களிப்பு எனலாம். இக்கருத்து நூலகங்களோடு நின்றுவிடவில்லை. கணினி நிரல்மொழிகளை வடிவமைப்போர் பட்டியலிட்ட தரவு வகைகளைப் பற்றிப் பின்னாளில் எழுப்பிய கேள்விகளும் ஏறத்தாழ இவையே.

பிறப்பும் கல்வியும்

அரங்கநாதன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிறந்தார். இவரது பிறந்த நாளாக நூல்களில் ஆகஸ்ட் 9 என்றும் ஆகஸ்ட் 12 என்றும் இரு தேதிகள் காணப்படுகின்றன. இந்தியாவில் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தந்தை இராமாமிருதம், தாயார் சீதாலட்சுமி. இவருக்கு ஆறு வயதிருக்கும்போது, 1898இல், தந்தை காலமானார்.

சீர்காழியிலுள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் பள்ளிக் கல்வியை முடித்தபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கு கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் இவர் மீது ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தினார். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். இளமையில் இவருக்குத் திக்குவாய் இருந்தது. அதை மெல்ல மெல்ல வென்று வகுப்பறையில் பேசத் தேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

கணித ஆசிரியர்

1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் கணித ஆசிரியராகப் பணியில் சேர்ந்தார். பின்னர் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். இக்காலத்தில் கணித வரலாறு குறித்துச் சில கட்டுரைகளை எழுதினார். கணித ஈடுபாடு இவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. கணித மேதை இராமானுசனின் வாழ்க்கை பற்றி இவர் எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் தனது நூலகத்துக்கு முழுநேர நூலகர் ஒருவரைத் தேடியபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களில் பெரும்பாலோர் நூலகப் பயிற்சி பெறாதவர்கள். அரங்கநாதனும் பயிற்சி பெறாதவரே. எனினும் இவரே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1924 சனவரியில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகர் வராத அறையில் தனித்திருக்கும் பணி இவருக்குச் சில நாட்களிலேயே சலித்துவிட்டது. மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்பினார். முதலில் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வருவது, அதன் பின்னும் மனம் ஒன்றாவிடில் கல்லூரிக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று.

இலண்டனில்

1924இன் பிற்பகுதியில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு பகுப்பாக்கம் கற்பித்த பெர்விக் சேயர்ஸ், குராய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகரும் ஆவார். அவரது வழிகாட்டலில் அரங்கநாதன் இங்கிலாந்தின் பல நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். தொழிலாளர், சிறுவர், பெண்கள் என்று எல்லாத் தரப்பினரும் நூலகத்துக்கு வந்து படிப்பதைக் கண்டார். நூலகம் நூல்களைப் பூட்டிவைக்கும் களஞ்சியம் அன்று, ஒரு சமூகத்தின் கல்விக் கருவி என்ற எண்ணம் இவருக்கு அங்கேதான் உருவாயிற்று.

நூல்களை அடுக்கும் முறையில் இவருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. அக்காலத்தில் பெரிதும் வழங்கியது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்புமுறை. அதில் அறிவுத்துறைகள் பத்தாகவும், ஒவ்வொன்றும் மீண்டும் பத்தாகவும் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் முன்கூட்டியே பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு மூன்று பொருள்களை இணைத்துப் பேசும் நூல் வந்தால் அதற்குரிய இடம் பட்டியலில் இராது. புதிய துறை ஒன்று தோன்றினால் அதற்கு வெற்று எண் இராது. கணிதம் பயின்ற அரங்கநாதனுக்கு இது பட்டியலின் நீளம் பற்றிய குறையாகத் தோன்றவில்லை. பட்டியல் என்ற அமைப்பின் குறையாகவே தோன்றியது.

ஒருநாள் இலண்டனில் செல்பிரிட்ஜஸ் என்னும் பல்பொருள் அங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகுகள் ஆகியவற்றை வெவ்வேறு விதமாக இணைத்து எண்ணற்ற உருவங்களை அதில் செய்து காட்டினர். பொருளுக்கு ஒன்றாக ஆயத்த உருவம் வேண்டியதில்லை. உறுப்புகளும் அவற்றை இணைக்கும் திருகும் போதும் என்பது இவருக்குப் புலப்பட்டது. பகுப்பெண்ணில் அத்திருகின் வேலையைச் செய்ய முக்காற்புள்ளியைத் தேர்ந்தெடுத்தார். 1925இல் தாயகம் திரும்பும் கடற்பயணத்திலேயே இதன் வரைவை உருவாக்கி, கப்பலிலிருந்த சிறு நூலகத்தின் நூல்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம்

நாடு திரும்பிய அரங்கநாதன் ஆசிரியப் பணியை நாடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திலேயே பணியாற்றினார். அக்காலத்தில் இவர் விடுப்பே எடுத்ததில்லை என்று கூறப்படுகிறது. வாசகர்கள் அடுக்குகளுக்கு நேரே சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகருக்கு வேண்டிய செய்தியைத் தேடித்தரும் பணிக்கென்றே ஊழியர்களை அமர்த்தினார். 1936இல் நூலகம் கடற்கரையிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளரானார். 1929இல் சங்கத்தின் சார்பில் நூலகர் பயிற்சி வகுப்பு தொடங்கப்பட்டது. பின்னர் அதைப் பல்கலைக்கழகமே ஏற்று நடத்தியது. முதல் மனைவி உருக்குமணி 1928இல் விபத்தொன்றில் இறந்தார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். பின்னாளில் தமது சேமிப்பைக் கொண்டு நிறுவிய அறக்கட்டளைகளுக்குச் சாரதாவின் பெயரையே இணைத்தார்.

ஐந்து விதிகள்

அரங்கநாதன் 1928இல் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகள் நூலகவியலின் அடிப்படையாக இன்றும் கற்பிக்கப்படுகின்றன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பது ஐந்தாவது.

இவற்றுள் ஐந்தாம் விதி பகுப்புமுறைக்கு நேரடியாகப் பொருந்துவது. வளரும் ஒன்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நெடுநாள் பொருந்தாது. நூற்றொகை மட்டுமன்றி நூல்களின் பொருள்களும் பெருகும் என்பதால், முடிவுற்ற பட்டியலை நம்பிய எந்தப் பகுப்புமுறையும் ஒருநாள் உடையும் என்று இவர் கருதினார்.

கோலன் பகுப்புமுறை

கோலன் பகுப்புமுறையின் முதற்பதிப்பு 1933இல் வெளிவந்தது. டூயியின் முறை போன்றவற்றைப் பட்டியல்வழிப் பகுப்பு என்றும், தம்முடைய முறையைக் கூறுவழிப் பகுப்பு என்றும் வேறுபடுத்தலாம். பட்டியல்வழிப் பகுப்பில் பகுப்பாளர் தம் கையிலுள்ள நூலுக்குப் பொருந்தும் எண்ணைப் பட்டியலில் தேடி எடுக்கிறார். கூறுவழிப் பகுப்பில் அவர் நூலின் பொருளை முதலில் கூறுகளாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு கூறுக்கும் உரிய சிறு பட்டியலிலிருந்து குறியீட்டை எடுக்கிறார். பின்னர் அவற்றை விதிப்படி இணைத்துப் பகுப்பெண்ணை அமைக்கிறார்.

எந்தத் துறையின் கூறுகளும் ஐந்து அடிப்படை வகைகளுள் அடங்கும் என்பது இவர் பின்னர் வந்தடைந்த முடிவு. அவை வருமாறு:

- ஆளுமை: பேசப்படும் மையப் பொருள்
- பருப்பொருள்: அதன் பொருண்மை அல்லது பண்பு
- ஆற்றல்: அதன்மேல் நிகழும் செயல்
- இடம்
- காலம்

முதல் மூன்று பதிப்புகளில் கூறுகளை இணைக்க முக்காற்புள்ளி ஒன்றே பயன்பட்டது. முறைக்குப் பெயர் வந்ததும் அதனாலேயே. 1952இல் வெளிவந்த நான்காம் பதிப்பு முதல் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, புள்ளி என்று கூறுக்கேற்ற குறிகள் வந்தன. குறியைக் கண்டதுமே அடுத்து வருவது எவ்வகைக் கூறு என்பது தெரிந்துவிடும்.

நுரையீரல் காசநோய்க்கு ஊடுகதிர்ச் சிகிச்சை அளிப்பது பற்றி 1950இல் இந்தியாவில் நடந்த ஆய்வு என்பது பாடநூல்களில் பெரிதும் காட்டப்படும் எடுத்துக்காட்டு. இதில் மருத்துவத் துறைக்கு எல் என்னும் ஆங்கில எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, ஊடுகதிருக்கு 253, ஆய்வுக்கு எஃப் என்னும் எழுத்து, இந்தியாவுக்கு 44, ஆண்டுக்கு என் என்னும் எழுத்தும் 5உம் என்று எட்டுத் துண்டுகள் இணைகின்றன. இந்த முழுப் பொருளும் எந்தப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் இதற்கு ஓர் எண் கிடைத்துவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பொருளைத் திரும்ப அறியவும் முடிகிறது.

மூன்று தளங்கள்

பகுப்பாக்கப் பணி மூன்று தளங்களில் நிகழ்வதாக அரங்கநாதன் விளக்கினார். கருத்துத் தளத்தில் பொருள்கள் எவை, அவற்றின் உறவு என்ன என்பது முடிவாகிறது. சொல் தளத்தில் அவற்றுக்குப் பெயர் அமைகிறது. குறியீட்டுத் தளத்தில் எண்ணோ எழுத்தோ தரப்படுகிறது. கருத்துத் தளமே தலைமையானது. குறியீட்டில் இடமில்லை என்ற காரணத்துக்காகக் கருத்தைச் சுருக்கக்கூடாது. கருத்துக்கு ஏற்பக் குறியீடே வளைந்துகொடுக்க வேண்டும். டூயியின் முறையில் பத்து இலக்கங்களுக்கு ஏற்ப அறிவும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டது இதற்கு மாறானது என்பது இவரது கருத்து.

பட்டியலுக்கான நெறிகள்

அரங்கநாதன் பட்டியலே வேண்டாம் என்று சொன்னவர் அல்லர். கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் தேவைப்படவே செய்கிறது. அந்தச் சிறு பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, 1937இல் முதற்பதிப்பு கண்ட நூற்பகுப்பு முன்னுரை என்னும் கோட்பாட்டு நூலிலும் அதன் பிற்பதிப்புகளிலும் நெறிகளை வகுத்தார். அவற்றுள் நான்கு, ஒரே வரிசையில் நிற்கும் உறுப்புகளுக்கு உரியவை:

- முழுமை நெறி: வரிசையிலுள்ள உறுப்புகள் அனைத்தும் சேர்ந்து மூல வகையை முழுவதும் நிரப்ப வேண்டும்.
- தனிமை நெறி: ஒரு பொருள் இரண்டு உறுப்புகளுள் ஒரே நேரத்தில் அடங்கக்கூடாது.
- பயன்தரு வரிசை நெறி: உறுப்புகள் வாசகருக்கு உதவும் ஒழுங்கில் நிற்க வேண்டும்.
- மாறா வரிசை நெறி: ஒத்த உறுப்புகள் வரும் இடமெல்லாம் ஒரே வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

பட்டியல் வளர வேண்டிய நிலைக்கும் ஓர் உத்தி கண்டார். 1 முதல் 8 வரையுள்ள இலக்கங்களுக்கே பொருள் தரப்படும். 9 பொருளற்ற தொடர்ச்சிக் குறியாக நிற்கும். எட்டு இடங்களும் நிரம்பியபின் 91 முதல் 98 வரையும், அதன் பின் 991 முதல் 998 வரையும் புதிய உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பழைய எண் எதுவும் மாறாது. நூலகத்தில் ஓர் எண் மாறினால் அந்த நூல்களின் முதுகுச் சீட்டு, பட்டியல் அட்டை, அடுக்கில் அவற்றின் இடம் ஆகிய யாவும் மாற வேண்டும் என்பதை நினைத்தால் இவ்வுத்தியின் அருமை புலப்படும்.

நிரல்மொழி வடிவமைப்புடன் ஒப்பீடு

கணினி நிரல்மொழிகளில் பட்டியலிட்ட தரவு வகை என்று ஒன்று உண்டு. நிரலாளர்கள் இதனை எனியூம் என்பர். ஒரு மாறி ஏற்கக்கூடிய மதிப்புகள் சிலவே என்று முன்னரே தெரிந்தால், அவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு அதையே ஒரு தரவு வகையாக அறிவிப்பது இதன் பொருள். நிக்லாவுஸ் விர்த் வடிவமைத்து 1970இல் வெளிவந்த பாஸ்கல் மொழி இதனைப் பரவலாக அறியச் செய்தது. அரங்கநாதனின் பணி இதற்கு நேரடி மூலம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இருவேறு துறைகளில் எழுந்த ஒரே சிக்கலுக்கு ஒத்த விடைகள் கிடைத்திருப்பது ஆராயத்தக்கது.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே, அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற மண்ணச்சநல்லூரில் ஓர் ஆலைக்கு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். புழுங்கலரிசிக்கு நெல் கடக்கும் நிலைகள் ஊறல், அவித்தல், உலர்த்தல், உமிநீக்கல், தீட்டல் என ஐந்து எனலாம். இவற்றை 1, 2, 3, 4, 5 என்று வெறும் முழு எண்களாக நிரலில் எழுதினால், யாரோ தவறுதலாக 17 என்று இட்டாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். நிலையின் எண்ணையும் மூட்டைகளின் எண்ணிக்கையையும் கூட்டச் சொன்னாலும் கூட்டித் தரும். பெயர்களைப் பட்டியலிட்டு நிலை என்ற தரவு வகையாக அறிவித்துவிட்டால், கம்பைலர் எனப்படும் தொகுப்பி இத்தகைய பிழைகளை நிரல் ஓடுவதற்கு முன்பே தடுத்துவிட முடியும். இது கருத்துத் தளத்தையும் குறியீட்டுத் தளத்தையும் பிரிப்பதற்கு ஒப்பாகும். உள்ளே கணினி எந்த எண்ணை வைத்துக்கொண்டாலும் நிரலாளர் கையாள்வது கருத்தையே.

முழுமை நெறிக்கும் இங்கு இணை உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும்போது தீட்டலை மறந்துவிட்டால், எம்எல் குடும்ப மொழிகள், ரஸ்ட், சுவிஃப்ட் போன்றவற்றின் தொகுப்பிகள் விடுபட்டதைச் சுட்டிக்காட்டுகின்றன. பட்டியல் மூடியதாக, உறுப்புகள் ஒன்றோடொன்று கலவாதவையாக இருப்பதாலேயே இச்சோதனை இயல்கிறது. எல்லா மொழிகளும் இவ்வளவு கண்டிப்பு உடையவை அல்ல. சி மொழியில் பட்டியலிட்ட வகையின் மாறிக்கு எந்த முழு எண்ணையும் இட்டுவிடலாம். ஜாவா மொழியில் முறையான பட்டியலிட்ட வகை 2004இல்தான் சேர்க்கப்பட்டது.

குறியீட்டை நிலைத்த பதிவாகக் கொள்வதன் ஆபத்தும் இரண்டு துறைகளுக்கும் பொது. மேற்கண்ட ஆலையில் உமிநீக்கலுக்கும் தீட்டலுக்கும் நடுவே கல்நீக்கல் என்ற நிலை புதிதாகச் சேர்க்கப்படுகிறது என்க. உள்வரிசை எண்களைத் தரவுத்தளத்தில் சேமித்து வைத்திருந்தால், நேற்றுவரை தீட்டலைக் குறித்த 5 இன்று முதல் கல்நீக்கலைக் குறிக்கும். பழைய பதிவுகள் யாவும் ஓசையின்றிப் பொய்யாகிவிடும். அரங்கநாதனின் ஒன்பதாம் இலக்க உத்தி தவிர்க்க முயன்றது இதையொத்த இடரையே. புதிய உறுப்பைக் கடைசியில் சேர்ப்பது, வரிசை எண்ணுக்குப் பதிலாகப் பெயரையே சேமிப்பது ஆகியவை நிரலாளர்கள் கையாளும் வழிகள்.

கூறுகளாகப் பிரிப்பதன் ஆதாயத்தைக் கணக்கிட்டும் காட்டலாம். அந்த ஆலை ஐந்து நெல் இரகங்களையும், கல்நீக்கல் சேர்ந்த ஆறு நிலைகளையும், குறுவை, சம்பா, தாளடி ஆகிய மூன்று பருவங்களையும் கையாள்கிறது என்க. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதினால் 5 x 6 x 3 = 90 பெயர்கள் வேண்டும். மூன்று தனிப் பட்டியல்களாக எழுதி இணைத்தால் 5 + 6 + 3 = 14 பெயர்களே போதும். புதிய இரகம் ஒன்று வந்தால் முதல்முறையில் 18 பெயர்களும் இரண்டாம் முறையில் ஒரு பெயரும் கூடும். கணிதத்தில் இவ்விணைப்பைக் கார்ட்டீசியன் பெருக்கம் என்பர். டோனி ஹோர் தரவு அமைப்புகள் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பட்டியலிட்ட வகைகளில் தொடங்கிக் கார்ட்டீசியன் பெருக்கத்தின் வழியே பெரிய வகைகளைக் கட்டியெழுப்புகிறது. அக்கட்டுரை இடம்பெற்ற நூல் வெளிவந்தது 1972இல். அரங்கநாதன் மறைந்த ஆண்டும் அதுவே.

பட்டியலின் வரம்பை நிரல்மொழி வடிவமைப்பாளர்களும் உணர்ந்தனர். பாஸ்கலில் இவ்வகையைக் கொண்டுவந்த விர்த், 1988இல் அறிவித்த ஓபெரான் மொழியிலிருந்து அதனை நீக்கிவிட்டார். ஒரு நிரற்கூற்றில் அறிவித்த பட்டியலை வேறொரு நிரற்கூற்றில் விரிவாக்க இயலாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. விரிவாக்கமே அம்மொழியின் நோக்கமாக இருந்தது. பட்டியல்வழிப் பகுப்பின் மீது அரங்கநாதன் சுமத்திய குறையும் இதுவே. எனினும் பின்வந்த மொழிகளுள் பல இவ்வகையை விடவில்லை. வாரத்தின் நாட்கள் போல உறுதியாக மூடிய தொகுதிக்குப் பட்டியல் ஏற்றது. வளரும் தொகுதிக்கு ஒரே பட்டியல் ஏற்றதன்று. எது எவ்வகை என்று முதலில் தீர்மானிப்பதே வடிவமைப்பாளரின் பணி. அறிவுத்துறைகளின் தொகை மூடாதது என்றும், அவற்றின் அடிப்படைக் கூறுகள் ஐந்தே என்றும் அரங்கநாதன் எடுத்தது இத்தகைய தீர்மானமே ஆகும்.

பொது நூலக இயக்கம்

ஐந்து விதிகளை எழுதியதோடு அமையாமல் அவை ஊர்தோறும் செயல்பட வேண்டும் என்று அரங்கநாதன் உழைத்தார். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டு, சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நூல்களைக் கொண்டுசென்றது. அம்முயற்சிக்கு அரங்கநாதனின் ஊக்கம் துணைநின்றது.

1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் பொது நூலகங்களுக்கான மாதிரிச் சட்ட வரைவை முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவாகும். வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டி, அதனை நூலகங்களுக்கே செலவிட இச்சட்டம் வழிவகுத்தது. திருச்சிராப்பள்ளி மாவட்ட மைய நூலகம் முதல் சிற்றூர்க் கிளை நூலகங்கள் வரை தமிழ்நாட்டின் பொது நூலக அமைப்பு முழுவதும் இச்சட்டத்தின் மேல் நிற்பது எனலாம்.

பிற்காலப் பணி

1945இல் சென்னையை விட்டு, அப்போது துணைவேந்தராக இருந்த ச. இராதாகிருட்டிணனின் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கிருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தாமே முன்னின்று பகுத்தார். 1947இல் மாரிஸ் குவையர் அழைப்பின்பேரில் தில்லிப் பல்கலைக்கழகம் சென்று, அங்கு நூலகவியலில் உயர்கல்வியைத் தொடங்கி நடத்தினார். 1944 முதல் 1953 வரை இந்திய நூலகச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1955 முதல் 1957 வரை சூரிக் நகரில் தங்கி ஆய்வு செய்தார். பின்னர் உச்சயினி விக்ரம் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பணியாற்றினார்.

இறுதிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அங்கமாக 1962இல் அங்கு தொடங்கப்பட்ட ஆவண ஆய்வு, பயிற்சி மையம் இவரது வழிகாட்டலில் இயங்கியது. பொருள் பகுப்பைக் கணினிக்கு ஏற்றவாறு அமைக்கும் ஆய்வுகள் அங்கு பின்னர் வளர்ந்தன. 1956இல் தமது சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி நிறுவ வழங்கினார். 1961இல் சாரதா அரங்கநாதன் நூலகவியல் அறக்கட்டளையை நிறுவினார்.

தாக்கமும் விமர்சனமும்

1952இல் இலண்டனில் தோன்றிய பகுப்பாக்க ஆய்வுக் குழு அரங்கநாதனின் கூறு ஆய்வை ஏற்றுக்கொண்டு, தகவல் தேடலுக்கெல்லாம் கூறுவழிப் பகுப்பே அடிப்படையாக வேண்டும் என்று 1955இல் அறிவித்தது. இணையவழிக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியே தெரிவு செய்து பொருளைத் தேடும் முறைக்குக் கூறுவழித் தேடல் என்றே பெயர். அதன் கருத்து வேர் இவரிடம் உள்ளது.

எனினும் கோலன் பகுப்புமுறை உலகில் பெரிதும் பரவவில்லை. அதன் பகுப்பெண்கள் நீளமானவை. நூலின் முதுகில் எழுதவும் நினைவில் வைக்கவும் கடினமானவை. பதிப்புக்குப் பதிப்பு விதிகளையே அவர் மாற்றியமைத்ததால், பழைய பதிப்பைப் பின்பற்றிய நூலகங்கள் ஏற்கெனவே இட்ட எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. எண்கள் மாறாதிருக்க உத்தி கண்டவரே எண்களை மாற்றும் நிலையை உண்டாக்கினார் என்பது முரண். ஆளுமை என்னும் வகையின் வரையறை தெளிவற்றது என்பதும் நெடுநாளைய விமர்சனம்; மற்ற நான்கிலும் அடங்காத எச்சமே ஆளுமை என்று அவர் விளக்கியதைப் பலர் ஏற்கவில்லை. ஏழாம் பதிப்பு அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1987இல்தான் வெளிவந்தது. உலகின் பெரும்பாலான பொது நூலகங்கள் டூயியின் முறையையே பின்பற்றுகின்றன. ஆயினும் டூயியின் முறையே பின்வந்த பதிப்புகளில் கூறுகளை இணைக்கும் துணைப் பட்டியல்களைப் பெருக்கிக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

சிறப்புகளும் மறைவும்

1935இல் ராவ் சாகிப் பட்டமும், 1957இல் பத்மசிறீ விருதும் பெற்றார். தில்லிப் பல்கலைக்கழகம் 1948இலும், அமெரிக்காவின் பிட்சுபர்க் பல்கலைக்கழகம் 1964இலும் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. 1965இல் இந்திய அரசு இவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக நியமித்தது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் மார்கரெட் மான் பாராட்டு 1970இல் கிடைத்தது. சுமார் 60 நூல்களை எழுதியுள்ளார்.

அரங்கநாதன் 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் காலமானார். நூற்றாண்டையொட்டி 1992இல் இந்திய அஞ்சல் துறை இவரது உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.